துப்பாக்கிக் குழலும் அதன் அழுக்கும் – ஒரு வரலாறு

புதுத் தோசைக்கல் வாங்கி வந்தால் அன்றைக்கே தோசை வார்க்க முடியாது. எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, ஓரிரு நாள் "பழக்க" வேண்டும். புது ஸ்கூட்டர் வாங்கினால் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்வார்கள். பின்னால் "ரன்னிங் இன்" என்று ஒட்டிக்கொண்டு போன வண்டிகள் சிலருக்கு நினைவிருக்கலாம். துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோரிடையேயும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழலை வாங்கியதும் ஒரு குண்டு சுட வேண்டும், குழலைத் துடைக்க வேண்டும். மறுபடி ஒரு குண்டு, மறுபடி துடைப்பு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. அப்புறம் மூன்று குண்டுக்கு ஒருமுறை, ஐந்து குண்டுக்கு ஒருமுறை. இதைத்தான் குழலைப் பழக்குவது என்கிறார்கள். இது கட்டாயம் என்று ஒரு கூட்டம், வீண் வேலை என்று இன்னொரு கூட்டம். சண்டை இன்றுவரை ஓயவில்லை!

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இந்தச் சண்டையின் வேரைத் தேடிப் போனால் ஐந்நூறு ஆண்டு வரலாறு வருகிறது. அதில் நம் நாட்டின் 1857 வருகிறது, வியட்நாம் காடு வருகிறது. குழலுக்குள் படிந்த கொஞ்சம் அழுக்கு ஒரு பெரிய கலகத்துக்குச் சாக்காகியிருக்கிறது. இளம் சிப்பாய்கள் பலரின் உயிரையும் வாங்கியிருக்கிறது. படித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: குழலுக்குள் படியும் அழுக்கு காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. துடைக்கும் முறையோ பெரும்பாலும் முந்தைய காலத்து அழுக்குக்கு ஏற்றதாகவே இருந்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் விபரீதங்கள் நடந்திருக்கின்றன.

வரிசையாகப் பார்ப்போம்.

1. கருமருந்துக் காலம்

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரைபிள் என்பது அப்படியல்ல. அதன் குழலுக்குள் நீளவாக்கில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு இந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு பம்பரம் போலச் சுழன்று வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போலவே சுழலும் குண்டும் திசை மாறாமல் போகும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மன் பேசும் நாடுகளில் இந்த வேலைப்பாடு தெரிந்திருந்தது.

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பை ஏன் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை படைகளில் எல்லாருக்கும் கொடுக்கவில்லை? முக்கியமான காரணம் அழுக்குதான்.

கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. இது எரியும்போது பாதிக்கும் குறைவான எடையே வாயுவாகிறது. மீதி எல்லாம் திடப்பொருள். அதில் கொஞ்சம் வெண்புகையாகப் போகும், கொஞ்சம் குழலுக்குள்ளேயே கரிய பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத் துப்பாக்கியில் குண்டை வாய்ப்பக்கமாகப் போட்டு, நீளக் கம்பியால் இடித்து அடிவரை இறக்க வேண்டும். வழவழப்பான குழலில் குண்டைக் கொஞ்சம் சின்னதாகச் செய்துவிட்டால் அழுக்கு இருந்தாலும் உருண்டு இறங்கிவிடும். ரைபிளில் குண்டு பள்ளத்தைக் கவ்வ வேண்டுமே! இறுக்கமான குண்டு. அதற்கு மேல் அழுக்கு. சில குண்டுகள் சுட்ட பிறகு அடுத்த குண்டை இறக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். போர்க்களத்தில் எதிரி அதுவரை காத்திருப்பானா?

இந்த அழுக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும். எனவே சண்டை முடிந்ததும் குழலில் தண்ணீர் ஊற்றி அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவுவது எல்லாப் படைகளிலும் வழக்கமாக இருந்தது. இந்தத் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இறுகப் பொருந்தும் குண்டு, சுலபமாக இறங்கும் குண்டு – இரண்டும் ஒன்றாக எப்படி? வழி கிடைத்தது. குண்டின் அடிப்பக்கத்தைக் குடைந்துவிட்டால், இறக்கும்போது சின்னதாக இருக்கும் குண்டு, மருந்து வெடித்ததும் அடிப்பக்கம் விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். இந்த யோசனையில் முன்னோடியான ஜான் நார்ட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தென்னிந்தியாவில் பணியாற்றியபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பின் அடியில் மென்மையான தண்டுச்சோறு இருப்பதையும், ஊதியதும் அது விரிந்து குழலை அடைப்பதையும் கவனித்ததாகச் சொல்லப்படுகிறது. 1849-இல் பிரெஞ்சுக்காரர் குளோட் எத்தியென் மினியே இதை முழுமையாக்கினார். அதன் பிறகுதான் ரைபிள் சாதாரண சிப்பாயின் கைக்கு வந்தது.

2. கொழுப்பு – 1857

1853-இல் ஆங்கிலேயர் உருவாக்கிய என்ஃபீல்டு ரைபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம். குண்டின் விட்டம் முதலில் 0.568 அங்குலம். இடைவெளி ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இடைவெளிக்குள்தான் முந்தைய வெடிகளின் கரிப்பிசுக்கும் இருக்கிறது. எனவே தோட்டாவின் காகித உறையில், குண்டு இருக்கும் பகுதியின் மேல் கொழுப்புத் தடவினார்கள். குண்டு இறங்கும்போது அந்தக் கொழுப்பு காய்ந்த கசடை இளக்கிவிடும், அடுத்த குண்டும் தடையில்லாமல் இறங்கும். அதாவது, அந்தக் கொழுப்பின் வேலை குழலைச் சுத்தமாக வைத்திருப்பதுதான்.

நம் பாடப்புத்தகங்களில் "பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா" என்று படித்திருக்கிறோம். எதற்காகத் தடவினார்கள் என்று அதில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இதற்காகத்தான்!

தோட்டாவின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும் என்பது அன்றைய பயிற்சி முறை. விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு இங்கிலாந்தில் யாரையும் உறுத்தவில்லை. இந்தியாவில்? 1853-லேயே வங்காளப் படையின் உயர் அதிகாரியான கர்னல் டக்கர், இந்தக் கொழுப்பு எதிலிருந்து வந்தது, சிப்பாய்களின் சாதி வழக்கத்துக்கு ஒவ்வுமா என்று உறுதி செய்யாமல் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தார். அந்த எச்சரிக்கை கோப்புகளில் தூங்கியது.

1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் ஆயுதக் கிடங்கில் வேலை செய்த ஒரு தொழிலாளி, உயர்சாதிச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பு கேட்டார் என்றும், சிப்பாய் மறுத்தபோது, "பசுவும் பன்றியும் சேர்ந்த கொழுப்பைக் கடிக்கப் போகிறீர்கள், அப்போது உங்கள் சாதி எங்கே போகும்?" என்ற பொருள்படக் கேட்டார் என்றும் அப்போதைய அதிகாரிகளின் அறிக்கைகள் சொல்கின்றன. செய்தி பாளையம் பாளையமாகப் பரவியது. அரசு அவசரமாக, சிப்பாய்களே தங்களுக்குப் பிடித்த எண்ணெயோ மெழுகோ வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்றது. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சியையும் மாற்றியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாற்றியதே தவறு இருந்ததற்குச் சாட்சி என்று சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-இல் மீரட்டில் 3-ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9-இல் அவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் விலங்கு மாட்டப்பட்டது. மே 10-இல் மீரட் வெடித்தது.

கொழுப்பு மட்டுமே 1857-க்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலவரி, நாடு பிடித்தல், சம்பளம், மதமாற்ற பயம் என்று காரணங்கள் அடுக்கடுக்காக உண்டு. 1806-இல் நம் வேலூரில் தோல் பட்டை வைத்த தலைப்பாகை எப்படி ஒரு பொறியாக அமைந்ததோ, அப்படித்தான் இதுவும். ஆனால் அந்தப் பொறி ஏன் அப்போது விழுந்தது என்று கேட்டால், புதுக் குழல், இறுக்கமான குண்டு, பழைய கருமருந்து, அதன் அழுக்கு என்று ஒரு தொழில்நுட்பப் பதிலும் உண்டு. அந்த ஆண்டு இந்திய வெயிலில் கொழுப்பு இளகி, குண்டை இறக்க முடியவில்லை என்ற புகார்களும் வந்தன. பிற்பாடு குண்டின் விட்டத்தையே 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள்.

3. புகை போனது, பள்ளமும் போனது

1884-இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இது எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கரிப்பிசுக்கு இல்லை. ஆனால் சூடும் அழுத்தமும் மிக அதிகம்.

இங்கிலாந்து 1888-இல் லீ-மெட்ஃபோர்டு ரைபிளை ஏற்றது. வில்லியம் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் வடிவமைத்த அதன் உட்பள்ளங்கள் ஆழமில்லாதவை, மூலைகள் இல்லாதவை. ஏன் அப்படி? கருமருந்தின் கசடு மூலைகளில்தான் தங்கும். மூலையே இல்லாவிட்டால் கசடு தங்காது, துடைப்பதும் எளிது. அருமையான யோசனை! சிக்கல் என்னவென்றால், சில ஆண்டுகளிலேயே அந்த ரைபிளுக்குக் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்துவிட்டது. அதன் சூட்டில் அந்த ஆழமில்லாத பள்ளங்கள் வேகமாகத் தேய்ந்தன. இனி வராத அழுக்குக்காக வடிவமைத்த குழல், புதிதாக வந்த சூட்டுக்குத் தாங்கவில்லை. 1895-இல் ஆழமான, மூலையுள்ள ஐந்து பள்ளங்களோடு லீ-என்ஃபீல்டு வந்தது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் பல தலைமுறை பார்த்த .303 இந்தக் குடும்பம்தான். மேற்கு வங்காளத்தின் இஷாப்பூரிலும் இது தயாரானது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது.

கார்டைட் பற்றி இரண்டு தகவல்கள். முதல் கார்டைட்டில் 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாஸ்லின். ஆம், நாம் உதட்டில் தடவும் அதே வாஸ்லின்! குழலை வழவழப்பாக வைத்திருக்கட்டும் என்று சேர்த்தார்கள். மருந்து நீண்டநாள் கெடாமல் இருக்கவும் அது உதவுகிறது என்பது பிறகு தெரிந்தது. சூடு அதிகமென்று 1901-இல் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்தார்கள். இரண்டாவது தகவல் நம் மாநிலத்தைச் சேர்ந்தது. ஊட்டி மலை ரயிலில் குன்னூரைத் தாண்டியதும் அருவங்காடு நிலையம் வருமே, அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலையின் பெயரே கார்டைட் தொழிற்சாலைதான்.

4. எண்ணெய்க்கு அடியில் உப்பு

புகையில்லா மருந்து வந்ததும் சிப்பாய்களும் வேட்டைக்காரர்களும் மகிழ்ந்தார்கள். சுட்ட பிறகு குழலுக்குள் பார்த்தால் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தண்ணீர் எதற்கு? இரும்பில் தண்ணீர் ஊற்றுவதே ஆபத்தாயிற்றே. ஒரு துணியை விட்டு இழுத்து, எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

சில நாளில் திறந்து பார்த்தால் உள்ளே துரு! அதுவும் எண்ணெய்க்கு அடியில்!

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இது பெரிய புதிராக இருந்தது. புது மருந்திலிருந்து ஏதோ அமிலம் வெளியேறி இரும்பை அரிக்கிறது என்று பலரும் நம்பினார்கள். அமிலத்தை முறிக்கும் எண்ணெய்கள் கடைக்கு வந்தன. உண்மைக் குற்றவாளி வேறு. தோட்டாவின் அடியில், சுத்தி தட்டியதும் பொறி எழுப்பும் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். பிரைமர் என்பார்கள். அதில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழல் முழுக்கப் படிகிறது. நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு அது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைக் குழலுக்குள்ளும் செய்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் தடவினால் உப்பை மூடி வைத்ததாகத்தான் ஆகும்.

கருமருந்துக் காலத்துத் துப்பாக்கிகளிலும் பொறி எழுப்பும் கிண்ணங்களில் குளோரேட் உண்டு. அப்போது ஏன் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை? எல்லாரும் கருமருந்தின் கசடுக்காகத் தண்ணீர் ஊற்றி அலசினார்கள். உப்பும் சேர்ந்தே போய்விட்டது. அழுக்கு குறைந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்தியதும்தான் உப்பு வேலையைக் காட்டியது. 1922-இல் அமெரிக்க அரசின் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் வெளியிட்ட ஆய்வு, துருவுக்குக் காரணம் மருந்து அல்ல, பிரைமரின் உப்பே என்று காட்டியது. காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் துரு வராது. ஈரம் ஏறினால் எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே வரும்.

பிரிட்டிஷ் படை இதில் கொஞ்சம் புத்திசாலி. சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கமாக நிலைத்தது. அதற்கென்றே தனிப் புனல் வைத்திருந்தார்கள். நீர் உப்பைக் கரைக்கும். கொதிநீரானால் குழலும் சூடாகி, ஈரம் தானே காய்ந்துவிடும். அதன் பிறகு "புல் துரூ" என்ற கயிறு. ஒரு முனையில் பித்தளை எடை, கயிற்றில் கண்ணிகள். ஒரு கண்ணியில் நான்கங்குலத்துக்கு இரண்டங்குலம் துணித்துண்டைக் கோத்து, எடையைக் குழலுக்குள் இறக்கி, மறுபக்கம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ரைபிளின் கட்டையில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் திறந்தால் இந்தக் கயிறும் பித்தளை எண்ணெய்ப் புட்டியும் உள்ளேயே இருக்கும். என்.சி.சி.யில் இருந்த நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். துணித்துண்டுக்கு அங்கே "சிந்தி" என்று இந்திப் பெயர்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கயிற்றை நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால், மண் ஒட்டிய கயிறு குழல் வாயின் ஓரத்தை ரம்பம் போல அறுத்துவிடும். கிணற்றுக் கல்லில் கயிற்றுத் தடம் விழுவது போலத்தான்! குழல் வாய் தேய்ந்தால் குறி தப்பும். சுட்டுத் தேய்ந்த குழல்களோடு துடைத்தே தேய்ந்த குழல்களும் உண்டு.

1920-களின் இறுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் குளோரேட் இல்லாத பிரைமர்கள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கப் படை தன் பெரும்பாலான ரைபிள் தோட்டாக்களில் அதை ஏற்றது 1950-களின் தொடக்கத்தில்தான். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தாலும் கண்டிப்பாக வெடிக்க வேண்டும் என்பதே படைகளின் முதல் கவலை. துருவா, சிப்பாய் துடைத்துக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு.

5. நிக்கல் கட்டியும் கிரீஸும்

மருந்தின் வேகம் கூடியதும் வெறும் ஈயக் குண்டு தாங்கவில்லை. செம்பும் நிக்கலும் கலந்த உறை போட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குண்டின் வேகம் இன்னும் ஏறியபோது அந்த உறையே குழலில் ஒட்டிக் கட்டி கட்டியாகப் படிந்தது. இதற்குத் தண்ணீரும் எண்ணெயும் உதவாது. குழலின் அடியைத் தக்கையால் அடைத்து, கடுமையான அம்மோனியாக் கரைசலை நிரப்பி, அரை மணி நேரம் போல நிறுத்தி வைப்பார்கள். அசட்டையாக இருந்து கரைசல் உள்ளே காய்ந்துவிட்டால் குழலே பாழ்.

இதைத் தவிர்க்க அமெரிக்கப் போட்டியாளர்கள் குண்டு முனையைக் கிரீஸில் தோய்த்துச் சுட ஆரம்பித்தார்கள். கட்டி விழவில்லை. 1921-இல் அமெரிக்கப் படையின் ஆயுதக் கிடங்கு வேறொரு வழி கண்டுபிடித்தது. தேசியப் போட்டிக்கான தோட்டாக்களில் குண்டு உறைக்கு மேல் வெள்ளீயம் பூசியது. அதிலும் கட்டி விழவில்லை. ஆனால் வெள்ளீயம் குண்டைத் தோட்டாவின் கழுத்தோடு பற்றவைத்ததுபோலப் பிடித்துக்கொண்டது. அதோடு பழைய பழக்கத்தில் கிரீஸும் தடவினால்? தோட்டாவின் கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். விபத்துகள் நேர்ந்தன. ஜூலியன் ஹேச்சர் என்ற படை அதிகாரி இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே 90 பங்கு செம்பும் 10 பங்கு துத்தநாகமும் கலந்த உறை வந்தது. கட்டிப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. அந்த வகை உறைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. அது குழலில் விடும் மெல்லிய செம்புப் பூச்சுதான் இன்றைய போட்டியாளர்களின் தலைவலி.

6. "துடைக்கவே வேண்டாம்" – வியட்நாம்

இந்த வரலாற்றிலேயே மனத்தை மிகவும் வருத்தும் பகுதி இதுதான்.

1960-களில் அமெரிக்கா வியட்நாமுக்குக் கொண்டுபோன எம்-16 ரைபிள், யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பிலிருந்து வந்தது. எடை குறைவு, குறி சுத்தம். அதிகம் துடைக்க வேண்டாத துப்பாக்கி என்று ஒரு பேச்சு எப்படியோ படை முழுக்கப் பரவியிருந்தது. துடைக்கும் கம்பி, பிரஷ் போன்ற சாமான்கள் பலருக்குப் போய்ச் சேரவில்லை. இதற்கிடையில், 1964-இல் தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். புது மருந்தில் அமிலத்தை முறிக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட், வாயுக்குழாயில் கசடாகப் படிந்தது. சுடும் வேகமும் கூடியது. மூன்றாவதாக, தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியம் பூசவில்லை. இத்தனைக்கும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தங்கள் ரைபிள் குழலுக்குக் குரோமியம் பூசியிருந்தார்கள். அமெரிக்காவின் முந்தைய ரைபிளான எம்-14-லும் அது இருந்தது.

மழைக்காட்டு ஈரத்தில் அந்த அறை துருவேறிச் சொரசொரப்பானது. சுட்ட தோட்டாக்கூடு அதில் சிக்கிக்கொண்டது. கொக்கி இழுத்தால் கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. சிக்கிய கூட்டை எடுக்க ஒரே வழி, குழல் வாயிலிருந்து ஒரு கம்பியை விட்டு இடித்துத் தள்ளுவதுதான். 1853-இன் சிப்பாய் குண்டை உள்ளே இறக்கக் கம்பி வைத்திருந்தான். 1967-இன் சிப்பாய்க்குக் கூட்டை வெளியே தள்ளக் கம்பி வேண்டியிருந்தது. பலரிடம் அதுவும் இல்லை.

1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகே 881 என்ற எண்ணிட்ட குன்றுகளில் கடும் சண்டை நடந்தது. அதில் பிழைத்த ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை, நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்ட் அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இறந்து கிடந்த தோழர்களின் பக்கத்தில் அவர்களுடைய துப்பாக்கிகள் பிரித்துப் போட்ட நிலையில் கிடந்தன என்று அந்தக் கடிதம் சொன்னது. சிக்கலை எடுக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டிருக்கிறார்கள். ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் 1967 அக்டோபர் அறிக்கை, படை நிர்வாகத்தின் அலட்சியம் குற்றச்செயலின் எல்லையைத் தொடுகிறது என்ற அளவுக்குக் கண்டித்தது.

பிறகு எல்லாம் நடந்தது. அறைக்குக் குரோமியம், பின்னர் குழல் முழுக்கக் குரோமியம், மருந்தில் சுண்ணாம்புப் பொருள் குறைப்பு, எல்லார் கையிலும் துடைக்கும் சாமான். புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னரைக் கொண்டு, துப்பாக்கியைத் துடைப்பது எப்படி என்று 1968-இல் ஒரு படக்கதைப் புத்தகமே போட்டார்கள். இளைஞர்கள் விரும்பிப் படித்தார்களாம். அந்தப் புத்தகம் மூன்று ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இல்லை.

7. இனி, புதுக் குழலைப் பழக்குவது

இப்போது முதலில் சொன்ன சண்டைக்கு வருவோம்.

பழக்க வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணம் இது. நல்ல குழலை, பள்ளம் வெட்டிய பின் ஈயக்கட்டியில் தேய்ப்புப் பொடி வைத்து நீளவாக்கில் தேய்த்து வழவழப்பாக்கித்தான் விற்கிறார்கள். அதன் பிறகு துப்பாக்கி செய்பவர் அதில் தோட்டா உட்காரும் அறையைக் குடைகிறார். குடையும் கருவி சுற்றிச் சுற்றி வெட்டுவதால், அறையும் பள்ளமும் சேரும் "தொண்டை"ப் பகுதியில் குறுக்குவாட்டில் மெல்லிய சொரசொரப்பு உண்டாகிறது. குண்டு அதைக் கடக்கும்போது உறையின் செம்பு அரம் போட்டதுபோல உராய்ந்து, சூட்டில் ஆவியாகி, முன்னால் குழலில் படிகிறது. சுடச் சுடத் தொண்டை தானே மழுங்கும். அதுவரை படியும் செம்பின் மேல் செம்பு ஏறாமல் ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும். கிரீகர் போன்ற பெயர்பெற்ற குழல் நிறுவனங்களே இந்த விளக்கத்தைத் தருகின்றன.

வேண்டாம் என்பவர்களும் சாமானியர்கள் அல்ல. பெயர்பெற்ற குழல் தயாரிப்பாளரான கேல் மெக்மில்லன் இந்த வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். குழலின் நல்ல ஆயுள் எண்ணிக்கைக்கு உட்பட்டது. பழக்குகிறேன் என்று அதை வீணாக்குவானேன் என்பது அவர் பக்க வாதம்.

யார் சொல்வது சரி? ஒரே குழலைப் பழக்கியும் பழக்காமலும் சுட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டு குழல்களை எடுத்தால், எந்த இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் இரண்டு பக்கமும் தங்கள் அனுபவத்தையே சாட்சி சொல்கின்றன. ஆனாலும் இதுவரை பார்த்த வரலாற்றை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தக் குழலில், இந்தத் தோட்டாவில், எந்த அழுக்குக்காகத் துடைக்கிறோம்?

அப்படிக் கேட்டால் பதில் ஓரளவு தெளிகிறது. தொழிற்சாலையில் குரோமியம் பூசிய படைத் துப்பாக்கிக் குழலைச் சில குண்டுகளால் மெருகேற்ற முடியாது. குரோமியம் செம்பைவிடவும் இரும்பைவிடவும் கடினம். அதற்குப் பழக்கம் பொருந்தாது. புதிதாக அறை குடைந்த, பூச்சில்லாத போட்டிக் குழலில் தொண்டைச் சொரசொரப்பு உண்மையாகவே இருக்கிறது. அங்கே சில முறை சுட்டுத் துடைத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. எத்தனை முறை என்பதைத் துணிதான் சொல்ல வேண்டும். அம்மோனியா கலந்த திரவத்தில் நனைத்த துணி நீலப்பச்சையாக வெளிவந்தால் செம்பு இருக்கிறது. நிறம் குறைந்தால் தொண்டை மழுங்கிவிட்டது என்று பொருள். இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. பித்தளை முனையும் வெண்கல பிரஷும்கூட அதே திரவத்தில் அதே நீலத்தைத் தரும்! குழல் எப்போதோ சுத்தமாகிவிட்டிருக்கும், இவர் தன் பிரஷையே கரைத்துக்கொண்டு இன்னும் துடைத்துக்கொண்டிருப்பார்.

துடைக்கும்போது கம்பியை வாய்ப்பக்கமாக விடாமல், முடிந்தவரை பின்பக்கமாக, வழிகாட்டிக் குழாய் வைத்து விட வேண்டும் என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அன்று கயிறு அறுத்த பாடம் அது. பழைய படைக் கிடங்குத் தோட்டா சுட்டால் முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய் என்பதையும் ஒப்புக்கொள்கிறார்கள். அது உப்பு கற்றுக்கொடுத்த பாடம்.

முடிவாக

கருமருந்துக்குத் தண்ணீர் சரி. மருந்து மாறியதும் தண்ணீரை விட்டார்கள், துரு வந்தது. நிக்கலுக்குக் கிரீஸ் சரி. உறை மாறியதும் கிரீஸை விடவில்லை, விபத்து வந்தது. துடைக்க வேண்டாம் என்ற பேச்சை நம்பியபோது மருந்தே மாறியிருந்தது, உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் மாற்றத்தை முடிவு செய்தவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்தார். அதன் விளைவை அனுபவித்தவர் குழலின் இந்தப் பக்கம் நின்ற சிப்பாய். டக்கரின் கடிதம் போல, எச்சரித்தவர்களும் பெரும்பாலும் இருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

நம் வீட்டிலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும், "எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்று செய்யும் காரியங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் நாம் மறந்துபோன நல்ல காரணம் இருக்கும், தண்ணீர் அலசல் போல. சிலவற்றின் காரணம் எப்போதோ காலாவதியாகியிருக்கும், கிரீஸ் போல. எது எந்த வகை என்று விசாரிக்காமல் விட்டுவிடுவதும் தவறு, விசாரிக்காமல் தொடர்வதும் தவறு. ஒரு துப்பாக்கிக் குழலைப் பற்றிப் படிக்கப் போய் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

உங்களுக்குத் தெரிந்த இப்படிப்பட்ட பழக்கங்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.